படிகம் குளிரும் வரைக்கும்

எங்கள் தெருவில் என் மனைவிக்கு டாக்டரம்மா என்று பெயர். வாசல் பலகையில் அவள் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தை எழுதி வைத்தது வீட்டுக்காரர் செய்த புண்ணியம். படித்தவர்கள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மேல்மாடிக்கும் நல்ல ஆளாக வருவார்களாம். அதன் பலன், எதிர்வீட்டு அம்மா மூட்டுவலிக்கும் மூலைக்கடைக்காரர் இருமலுக்கும் எங்கள் கதவைத் தட்டுகிறார்கள். இவள் அந்த டாக்டர் இல்லை, உலோகத்தை ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர் பட்டம் என்று கரடியாய்க் கத்தியிருக்கிறேன். கடைக்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சரி, இருமலுக்கு என்ன மாத்திரை என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

இதில் எனக்கு எரிச்சல் அவர்கள் மேல்கூட இல்லை. இவள் அவர்களை உட்காரவைத்து, இருமல் எப்போது ஆரம்பித்தது, படுத்தால் கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா என்று ஆற அமர விசாரிப்பாள். கடைசியில், எனக்குத் தெரியாதுங்க, நல்ல டாக்டரைப் பாருங்க என்று அனுப்பிவைப்பாள். அந்த ஒரு வார்த்தையை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே என்றால், இருங்க, கேட்காமலே எப்படித் தெரியாதுன்னு சொல்றது என்பாள். எதைக் கேட்டாலும் முதலில் வருவது ‘இருங்க’தான். சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால்கூட மேலே ஒரு பருக்கை, நடுவில் ஒரு பருக்கை, அடியில் ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். அதற்குள் பசி போய்விடும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இந்தத் தொழிலுக்கு ரொம்பப் பொறுமை வேண்டும் என்பார்கள். உண்மைதான். என் பொறுமை மொத்தமும் பகலில் கிளட்சை மிதிக்கத் தெரியாதவர்களுக்கே தீர்ந்துவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் எதுவும் வருவதில்லை.

இவள் வேலை செய்யும் இடம் ஆராய்ச்சிக்கூடத்தின் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. நடுவில் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு எஃகுப் பானை. அதில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகள், சுற்றிலும் குழாய்கள், எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் பம்புகள். பானைக்குள் காற்று என்று சொல்ல ஒன்றும் இருக்காது. உள்ளே ஒரு சின்னப் பீடத்தில், பருப்பு அளவில், வெள்ளியாய் மின்னும் ஒரு படிகம். இந்தப் பருப்புக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். பானையை ஒருமுறை திறந்துவிட்டால் போதும், உள்ளே ஒட்டிய காற்றும் ஈரமும் போக, மொத்தத்தையும் அலுமினியத் தாளால் சுற்றி நாள்கணக்கில் சூடாக்க வேண்டும். எங்கள் சமையலறைக்கு வாங்கும் அலுமினியத் தாள் சமையலறையில் தங்கியதே இல்லை.

அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். ஒரு உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை ஓடும் பாதையில் இருக்கும் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. சூடு ஏற ஏற நடுக்கமும் ஏறும். அந்த நடுக்கத்தில் எலக்ட்ரான் எவ்வளவு தடுமாறுகிறது என்பதுதான் இவள் அளக்கும் சமாச்சாரம். சில படிகங்களின் மேல்தோலில் மட்டும் ஒரு வினோதம் உண்டாம். அங்கே ஓடும் எலக்ட்ரான் எந்தத் திசையில் போகிறதோ அதற்கேற்ற மாதிரிதான் சுழல வேண்டும். எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டுமானால் சுழற்சியையும் தலைகீழாக்க வேண்டும். வெறும் நடுக்கத்தால் அதைச் செய்ய முடியாது. யூ-டர்ன் இல்லாத ரோடு என்று சொல்லேன் என்றேன். முகம் மலர்ந்தது. ஒரே நிமிடம்தான். இருங்க, பக்கவாட்டில் திரும்பலாம், அதுக்குத் தடையில்லை என்றாள்.

அந்தப் பக்கவாட்டில்தான் இவள் வயது போய்க்கொண்டிருக்கிறது. நேர் பின்னால் திரும்ப முடியாது, பக்கவாட்டில் ஒதுங்கலாம் என்றால், அணுக்களின் நடுக்கம் மேல்தோல் எலக்ட்ரானைத் தொந்தரவு செய்கிறதா இல்லையா? படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அது பிடுங்கி எறியும் எலக்ட்ரான்களைத் திரையில் ஒரு கோடாகப் பார்க்கிறார்கள். தடுமாற்றம் இல்லையென்றால் கோடு மெலிசு. தடுமாற்றம் அதிகமானால் கோடு தடிக்கும். படிகத்தை நன்றாகக் குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, கோடு எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்க ஒன்றுமில்லாத வேலை போலத்தான் இருக்கிறது.

ஆனால் மேல்தோல் புத்தம் புதிதாக இருக்க வேண்டுமாம். அதற்குப் படிகத்தின் தலையில் ஒரு குச்சியை ஒட்டி, பானைக்குள் வைத்தே அதைத் தட்டிவிடுவார்கள். குச்சியோடு மேலடுக்கு பெயர்ந்து வர, அடியில் புதுத்தோல் கிடைக்கும். இவளுடைய படிகத்துக்கு மட்டும் என்ன கோபமோ, தட்டிய தட்டில் பீடத்தைவிட்டு முழுசாகப் பெயர்ந்து பானையின் அடியில் போய் விழும். உடனே திற, தாளைச் சுற்று, சூடாக்கு. ஒரு வருடம் முழுக்க இதே கூத்து. அந்த வருடம் இவளிடம் பேசவே எனக்குப் பயமாக இருக்கும். கடைசியில் எங்கேயோ தேடி, படிகத்தைப் பீடத்தோடு இறுகப் பிடிக்கும் ஒரு பசையைக் கண்டுபிடித்தாள். அதன்பின் ஒரு படிகம்கூட விழவில்லை.

அளந்து பார்த்தால், சூடு ஏறிக்கொண்டே போகிறது, கோடு தடிக்கவே மாட்டேன் என்கிறது. அணுக்கள் அந்த ஆட்டம் ஆடியும் எலக்ட்ரான் கண்டுகொள்ளவில்லை. பேராசிரியர் தலைகால் புரியாமல் ஆடினார். அவர்தான் அந்தக் கூடத்தின் தலைவர். போகிற ஊரிலெல்லாம் இதையே பேசினார். திறமையெல்லாம் அந்தப் பெண்ணுடையது என்று இவளைப் பற்றிச் சொல்லவும் மறக்கவில்லை. மோசமான மனிதர் இல்லை.

எனக்கு எலக்ட்ரான் தடுமாறினாலும் ஒன்றுதான், தடுமாறாவிட்டாலும் ஒன்றுதான். என் கவலை வேறு. இவளுக்கு எப்போதும் வருட ஒப்பந்தம்தான். வருடம் முடிந்ததும் நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் வேறு ஊர், வேறு பானை. அப்படி ஊர் ஊராகப் போனதில் நான் ஒவ்வொரு இடத்திலும் வகுப்புக்குப் புதிதாக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. மகளுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பள்ளிக்கூடம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தொடங்க வேண்டும். இந்த ஊரில்தான் அவளுக்கு அடுத்த தெருவில் ஒரு தோழி வாய்த்திருக்கிறாள், இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிகின்றன. அந்த நேரத்தில்தான் கூடத்தில் ஒரு நிரந்தர வேலை காலியானது. இவளுக்கே கிடைக்கும் என்று ஊரே பேசியது. நேர்காணலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இனி இங்கேதான் என்று மகளிடம் நானே சொல்லிவிட்டேன்.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சினிமாவுக்குப் போவதாக ஏற்பாடு. கூடத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். மகளோடு போனேன். திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

அந்தக் கூடத்தில் எல்லோரும் சூடேற்றும்போது மட்டும்தான் அளப்பார்கள். திரும்பக் குளிரவைக்கும்போது அளக்க மாட்டார்கள். அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும், அதற்குள் வெற்றிடத்தில்கூடத் தோலில் அழுக்கு ஏறிவிடும் என்பது காரணம். யாரும் செய்யாத அந்த வேலையை இவள் அன்றைக்குச் செய்து வைத்திருந்தாள். ஏறும்போது வெப்பமானி ஒரு எண்ணைக் காட்டியபோது கோடு மெலிசாக இருந்தது. இறங்கும்போது அதே எண்ணில் கோடு தடியாக இருக்கிறது. ஒரே சூட்டில் எப்படி இரண்டு தடிமன் வரும்?

பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது அழுக்கும்மா, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. கிளம்பு, படம் ஆரம்பித்துவிடும் என்றேன். இவள் நாற்காலியைவிட்டு நகரவில்லை.

“இருங்க. அழுக்குன்னா நேரம் ஆக ஆக இன்னும் மோசமாத்தான் ஆகும். வெப்பமானியை இதே எண்ணுல நிறுத்தி வச்சுட்டுச் சும்மா பார்ப்போம். கோடு இன்னும் தடிச்சா அவர் சொல்றது சரி, நாம கிளம்பிடலாம்.”

உட்கார்ந்தோம். மகள் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டாள். பம்பு உறுமியது. நான் அந்தத் திரையை முறைத்துக்கொண்டு, தடித்துத் தொலையேன், தடித்துத் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு கோடு தடிக்க வேண்டும் என்று இப்படி வேண்டிக்கொண்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சினிமா போயிற்று. மகள் கணக்கை முடித்துவிட்டு மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கினாள். கோடு மெலிந்துகொண்டே வந்தது.

அழுக்குப் பட்ட தரை தானாகச் சுத்தமாகாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் என்ன என்று கேட்டேன். பானையின் கண்ணாடி வழியாகப் பீடத்தைக் காட்டினாள். வெப்பமானி பீடத்தில் இருக்கிறது. படிகம் பசைக்கு மேலே இருக்கிறது. இவள் தேடிப்பிடித்த பசை படிகத்தை நன்றாகத்தான் பிடிக்கிறது, ஆனால் சூட்டைச் சரியாகக் கடத்துவதில்லை. பீடம் சூடாகிவிட்டது என்று வெப்பமானி சொல்லும்போது படிகம் இன்னும் சூடாகவில்லை. பீடம் குளிர்ந்துவிட்டது என்று சொல்லும்போது படிகம் இன்னும் குளிரவில்லை. இப்போது காத்திருந்ததால் அது மெல்லக் குளிர்ந்து வந்து சேர்கிறது. அதனால்தான் கோடு மெலிகிறது.

“எலக்ட்ரான் நடுக்கத்தைக் கண்டுக்காம இல்லீங்க. நடுக்கமே நான் நினைச்ச அளவுக்கு ஏறல” என்றாள். சொன்னவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கு வந்ததைப் பேசினேன். பசையை மாற்று, ஆனால் நேர்காணல் முடிந்து மாற்று என்றேன். எல்லோரும் ஏறும்போதுதானே அளக்கிறார்கள், நீ மட்டும் எதற்கு இறங்கும்போது அளந்தாய் என்றேன். வரைபடத்தில் பாதி காலியாக இருந்தது, அதை நிரப்பலாம் என்று பார்த்தேன் என்றாள். படத்தை நிரப்பப் போனவள் எங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். அன்று மாலை அவர் என்னிடம் வகுப்புக்கு வந்தார். ஆமாம், இத்தனை வயதுக்குப் பிறகு அவர் என்னிடம்தான் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். அணுவின் நடுக்கத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுப்பவர், கிளட்சை விடும் இடம் மட்டும் பிடிபடாமல் மொத்தக் காரையும் நடுங்கவைப்பார். அன்றைக்கு ஒரு மரத்தடியில் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார்.

“மாஸ்டர், நான் அவங்களைப் பொய் சொல்லச் சொல்லல. ஒரு நாள் அளந்ததை வச்சுக்கிட்டு ஒரு வருஷ வேலையைத் தப்புன்னு சொல்ல முடியுமா? இன்னும் நாலு தடவை அளக்கட்டும். நேர்காணல் முடியட்டும். அப்புறம் நானே கூட நின்னு திருத்துறேன். நீங்க சொன்னா கேட்பாங்க.”

நான் சொன்னால் இவள் கேட்பாள் என்று நம்பும் ஒரே மனிதர் அவர்தான். ஆனாலும் அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகவே பட்டது. இவளே ஒன்றை ஒன்பது தடவை பார்க்காமல் வாய் திறக்காதவள். இவளுடைய ஆயுதத்தையே எடுத்து இவளிடம் நீட்டலாம் என்று ஒரு குரூரமான சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்துக்கும் இருங்க, இருங்கன்னு சொல்றவ. இந்த ஒரு விஷயத்துல நீ கொஞ்சம் இருந்தா என்ன?”

மடித்த சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தெரியாத வரைக்கும்தாங்க இருக்கணும். தெரிஞ்சதுக்கு அப்புறமும் இருந்தா அதுக்குப் பேரு வேற.”

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். இன்னும் ஏதாவது பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் வாசலில் போய் நின்று எதிர்வீட்டுச் சுவரைத் திட்டினேன். மகளின் படிப்பு, அவள் தோழி, என் வகுப்புகள், இந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், எல்லாம் ஒரு சொட்டுப் பசையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. இவளை மாதிரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மூலைக்கடைக்காரர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் இருமலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நேர்காணல் அன்று இவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை இவள் பிறகு சொல்லித்தான் தெரியும். ஏறும்போது அளந்த படத்தையும் இறங்கும்போது அளந்த படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினாளாம். காத்திருந்தபோது கோடு மெலிந்ததையும் காட்டினாளாம். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, அப்படியானால் எலக்ட்ரான்கள் எவ்வளவுதான் தடுமாறுகின்றன என்று கேட்டிருக்கிறார். நாங்கள் சொன்னதைவிட அதிகம், எவ்வளவு என்று இப்போதைக்குத் தெரியாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்லும் துணிச்சலை என்னவென்று சொல்வது? இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று பேராசிரியரைக் கேட்டார்களாம். அவர் மழுப்பியிருக்கலாம். தெரியும், திங்கட்கிழமையே சொன்னார் என்றாராம்.

முடிவு அன்றைக்கே வந்துவிட்டது. நிரந்தர வேலையை இப்போதைக்கு யாருக்கும் கொடுப்பதாக இல்லை. இவளுக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம். வேறு பசையில் படிகத்தை ஒட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும், பிறகு பார்க்கலாம். வேலையைவிட்டுத் தூக்கியிருந்தால்கூட ஒரு முடிவு தெரிந்திருக்கும். இது அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவளோ காரில் ஏறியதும் ஒரு வருடம் தாராளமாகப் போதும் என்றாள். வீட்டுக்கு வந்து தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க இவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. சந்தோஷப்படுவதா, தட்டைப் பிடுங்குவதா என்று தெரியாமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, இங்கேயே இருக்கப் போகிறோமா என்று கேட்டாள். இவள் வாயில் சோறு. பதில் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. ஒரு வருஷம் கண்டிப்பாக இருப்போம் என்றேன். அதற்கப்புறம் என்று கேட்டாள். அதற்கப்புறம் தெரியாது என்றேன்.

பையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மறுபடியும் செருப்பை மாட்டினாள். எங்கே என்று கேட்டேன். தோழி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

“அதை இப்பவே போய்ச் சொல்லணுமா பாப்பா? ஒரு வருஷம் இருக்கு. அதுக்குள்ள எவ்வளவோ மாறும்.”

“இல்லப்பா. எனக்காக கிளாஸ்ல அவ பக்கத்துல வேற யாரையும் உட்கார விடாம வச்சிருக்கா. நான் போயிட்டா அவ தனியா உட்காரணும். தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

இவளைத் திரும்பிப் பார்த்தேன். தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு பாதியில் நின்றுவிட்டது. மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கேட்டின் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது, நான்தான் போய்த் திறந்துவிட்டேன்.